ஊற்றுக்கண்ணும் ஊதா நிறமும்

அரபு மொழியில் 'ஐன்' என்னும் சொல்லுக்குக் கண் என்பது ஒரு பொருள். நீரூற்று என்பது மற்றொரு பொருள். மூஸா நபி (அலை) அவர்கள் பாறையின்மீது கைத்தடியால் அடித்தபோது பீறிட்டெழுந்த பன்னிரண்டு ஊற்றுகளைச் சுட்டவும் திருக்குர்ஆன் இச்சொல்லையே ஆள்கிறது. தமிழரும் நிலத்தின் அடியிலிருந்து நீர் சுரக்கும் வாயைக் கண் என்றே வழங்கினர். 'ஊற்றுக்கண்' என்கிறோம். கிணறு தூர்வாரும்போது நீர் கசியத் தொடங்கினால் 'கண் திறந்துவிட்டது' என்று மகிழ்கிறோம். நீரருமை அறிந்த இரு மொழிகள் ஒரே உறுப்பின் பெயரை ஊற்றுக்கு இட்டுப் போற்றியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

எனினும் சொல்லாராய்ச்சி இக்கட்டுரையின் நோக்கமன்று. அபுதாபி அமீரகத்தின் கிழக்கே, ஒமான் நாட்டு எல்லையை ஒட்டி, ஹஃபீத் மலையின் அடிவாரத்தில் இச்சொல்லையே பெயராகக் கொண்ட நகரம் ஒன்று உண்டு. அல் ஐன் என்பது அதன் பெயர். அந்நகரின் பெயரைத் தாங்கி ஆசியக் கண்டத்தின் கிண்ணத்தை இருமுறை வென்ற கால்பந்தாட்டக் கழகத்தின் வரலாற்றைக் கூறவே விழைகிறோம்.

தமிழ்த்துறை மலரில் கால்பந்துக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நம் துறையின் சேர்க்கைப் படிவங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வெளிநாடு' என்ற ஒற்றைச் சொல்லை எழுதிய மாணவர்கள் எத்துணையோ பேர். எந்த நாடு, எந்த ஊர், என்ன பணி என்று கேட்டால் பலர் தயங்குகின்றனர். துபாய்ப் பக்கம் என்று பொதுப்பட மொழிகின்றனர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்த இலக்கணத்தைக் காலையில் பாடம் கேட்டுவிட்டு, தன்னைப் பெற்றவர் வாழும் நிலத்தின் பெயரை மாலையில் அறியாதிருப்பது நமக்கு உறுத்துகிறது. அங்கிருந்து வரும் பணத்தை அறிந்திருக்கிறோம். அவ்வூர்களுக்கும் மூதாதையர், பிணக்குகள், வெற்றி தோல்விகள் உண்டு என்பதை மறந்திருக்கிறோம். ஓர் ஊரை அறிய அதன் விளையாட்டுக் கழகம் நல்லதொரு வாயில்.

நீர் வந்த வழி

அல் ஐன் நகரம் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்படுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வாழ்ந்த பாலைவனச் சோலை. மலையடிவாரத்து நிலத்தடி நீரை, தானே சரிந்து ஓடும்படி மண்ணுக்குள் வாய்க்கால் வெட்டிப் பேரீச்சந்தோப்புகளுக்குக் கொண்டுவந்தனர் அவ்வூர் முன்னோர். இவ்வாய்க்காலை 'ஃபலஜ்' என்பர். இப்பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வாய்க்கால்களுள் சில ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழமையுடையவை. யுனெஸ்கோ நிறுவனம் 2011-இல் இந்நகரின் சோலைகளையும் தொல்லிடங்களையும் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது.

இவ்வாய்க்காலின் சிறப்பு அதன் தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை, பங்கீட்டிலும் இருக்கிறது. இன்னார் தோப்புக்கு இத்தனை நாழிகை என்று முறை வைத்து நீர் பாயும். நம் ஏரிப் பாசன ஊர்களில் முறைநீர் விட்டது போன்றதே இது. வாய்க்கால் தூர்ந்தால் அனைவர் தோப்பும் காயும். ஆதலின் தூர்வாருவதும் பொதுவேலை. ஷேக் ஸாயித் அவர்கள் 1946-இல் இப்பகுதியின் ஆளுநராக அமர்ந்தபோது முதன்மையாகக் கருதிய பணிகளுள் இவ்வாய்க்கால்களைச் சீர்செய்ததும் ஒன்று. அவரே பின்னாளில் அமீரகக் கூட்டமைப்பின் முதற்குடியரசுத் தலைவரானார்.

கழகம் தோன்றிய கதை

அக்கூட்டமைப்பு உருவானது 1971 டிசம்பர் 2 அன்று. அல் ஐன் கழகம் தோன்றியதோ 1968-இல். நாட்டைவிடக் கழகம் மூன்று ஆண்டு மூத்தது.

தொடங்கியவர் யாவர்? அவ்வூர் இளைஞர்கள், பஹ்ரைனிலிருந்து வந்து தங்கியிருந்த மாணவர்கள், பிழைப்பின் பொருட்டு அங்கு வந்து பணியாற்றிய சூடானியர் ஆகிய மூவகையினர். மண்ணின் மைந்தரும் வந்தேறிய தொழிலாளரும் ஒரே திடலில் ஒரே பந்தை உதைத்து உருவாக்கிய அமைப்பு அது. அரண்மனையின் ஆதரவும் பெருஞ்செல்வமும் பின்னர் வந்தவை. ஊற்றுக்கண்ணிலேயே அயலாரின் நீர் கலந்திருந்தது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அது தேவைப்படும்.

மூன்றே ஆண்டுகளில், 1971-இல், கழகம் பிளவுற்றது. பிரிந்து சென்றோர் தனிக்கழகம் கண்டு அதற்கு 'அத்தளாமுன்' என்று பெயரிட்டனர். ஒருமைப்பாடு என்பது அதன் பொருள்! பிரிந்தவர்கள் ஒற்றுமையின் பெயரால் கொடி உயர்த்துவது நம் ஊர்ச் சங்கங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் புதிய செய்தியன்று. ஆயினும் அவர்கள் 1974-இல் மீண்டும் ஒன்றுகூடினர். இதுவும் நம்மவர் கருதத்தக்கது. இன்று அக்கழகத்தின் அடையாளமாக விளங்கும் ஊதா நிறம் தொடக்கத்தில் இருந்ததன்று. பெல்ஜிய நாட்டு ஆண்டர்லெக்ட் கழகத்தார் ஊதா உடையில் ஆடக் கண்டு, அதன் அழகில் மயங்கி, 1977-இல் தாமும் அதனை மேற்கொண்டனர். இரவல் நிறம் அரைநூற்றாண்டில் சொந்த நிறமாயிற்று.

இணைந்த கழகம் 1976-77 பருவத்தில் முதன்முறையாக நாட்டின் சங்கப் போட்டியில் வாகை சூடியது. 2001-02 முதல் 2003-04 வரை தொடர்ந்து மூன்று பருவங்களில் வென்றது. 2021-22 பருவத்து வெற்றியோடு பதினான்கு முறை அப்பட்டத்தைப் பெற்றுவிட்டது.

'நம்ம' என்ற சொல்

2003-ஆம் ஆண்டு அக்கழக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. ஆசிய வெற்றியாளர் கிண்ணம் என்ற புதிய பெயரில் அவ்வாண்டுதான் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. பயிற்சியாளர் புரூனோ மெட்சு. முந்தைய ஆண்டு உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், நடப்பு வெற்றியாளரான பிரான்சைச் செனகல் வீழ்த்தியபோது அவ்வணியை வழிநடத்திய பிரெஞ்சுக்காரர் அவர். அரையிறுதியில் சீனத்தின் தாலியன் அணியை இரு ஆட்டங்களின் கூட்டில் 7-6 என்று அல் ஐன் கடந்தது. இறுதியில் தாய்லாந்தின் பி.இ.சி. தேரோ சாசனா அணியைச் சந்தித்தது. அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை, சொந்தத் திடலில் சாலிம் ஜவ்ஹர், முஹம்மது உமர் ஆகிய இருவரும் ஆளுக்கொரு கோல் போட்டனர். அக்டோபர் 11-இல் பாங்காக்கில் ஒரு கோலால் தோற்றபோதும், கூட்டு எண்ணிக்கை 2-1 ஆதலின் கிண்ணம் பாலைவனச் சோலைக்கு வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் எம் தாய்மாமன் ஒருவர் அல் ஐன் நகரில் தையற்கடை ஒன்றில் பணியாற்றி வந்தார். முதல் ஆட்டம் நடந்த இரவு, தொலைபேசி அட்டையில் எஞ்சியிருந்த சில நிமிடங்களைச் செலவிட்டு வீட்டுக்குப் பேசினார். நலம் விசாரித்த கையோடு, "மருமகனே, நம்ம டீம் ஜெயிச்சிருச்சு. ரெண்டு கோலு!" என்றார்.

நாம் அப்போது மாணவப் பருவத்தினர். இலக்கணம் படித்த செருக்கோடு, "அதெப்படி மாமா நம்ம டீம் ஆகும்?" என்று வினவினோம்.

"ஏன் ஆகாது? அங்கே உட்கார்ந்து பார்க்கிறானுவளே, அதுல எத்தனை பேரு போட்டிருக்குற கந்தூரா நான் தைச்சது தெரியுமா?" என்று சிரித்தார்.

அரபியர் அணியும் வெண்ணிற நீளங்கியைக் கந்தூரா என்பர். அச்சிரிப்பை நாம் மறந்தோமில்லை. தமிழில் 'நாங்கள்' என்பது வேறு; 'நாம்' என்பது வேறு. கேட்போரையும் உள்ளடக்கிச் சொல்லும்போதே 'நாம்' வரும். இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கண நூலார் குறிப்பர். அரபு மொழியிலும் ஆங்கிலத்திலும் இவ்வேறுபாட்டுக்குத் தனித்தனிச் சொற்கள் இல்லை. ஆகவே எம் மாமன் 'நம்ம டீம்' என்றபோது, அரபு நாட்டுக் கழகத்தோடு தம்மைச் சேர்த்துக்கொண்டதுடன், ஆறு கடல் தாண்டி ஓட்டுவீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த நம்மையும் சேர்த்துக்கொண்டார். அந்த உரிமையை அவருக்கு எந்த அரசும் எழுதித் தரவில்லை. அவர் கையிலிருந்தது காலவரையறை கொண்ட ஒரு விசா. பின்னாளில் அது முடிந்தது, ஊர் திரும்பினார். கழகத்தின் பதிவேடுகளில் அவர் பெயர் எப்பக்கத்திலும் இராது.

அவர் சொன்ன 'நம்ம' மெய்யா, மயக்கமா என்ற கேள்வி நம்முள் நீண்ட நாள் கிடந்தது. கழகத்தின் பிற்கால வரலாறு அதற்கு ஒருவாறு விடை தருகிறது. முழு விடை தரவில்லை.

வீழ்ச்சியும் எழுச்சியும்

பதிவேட்டில் வெற்றிகளை மட்டும் வாசிப்பது அரைகுறைக் கல்வி. 2005-இல் மீண்டும் ஆசிய இறுதிக்கு வந்த அல் ஐன், ஜித்தாவின் அல் இத்திஹாத் அணியிடம் 5-3 என்று தோற்றது. 2008-இல் அமீரகச் சங்கப் போட்டி தொழில்முறையாக மாறிய சின்னாட்களில், 2010-11 பருவத்தில், பன்னிரண்டு அணிகளுள் பத்தாம் இடத்துக்குச் சரிந்து கீழ்நிலைப் பிரிவுக்கு இறக்கப்படும் ஆபத்தில் நின்றது. அடுத்த பருவமே வாகை சூடியது. கானா நாட்டு வீரர் அசமோவா ஜியான் தொடர்ந்து மூன்று பருவங்கள் அந்நாட்டின் மிகுதியான கோல்களைப் போட்டார். 2014 சனவரியில் ஹஸ்ஸா பின் ஸாயித் திடல் திறக்கப்பட்டது. அதன் வெளிச்சுவர் பேரீச்சமரத்தின் அடிமரத்தில் காணும் செதில் வடிவத்தைத் தழுவி அமைக்கப்பட்டது. தோப்பை மறவாத திடல் அது.

அக்காலத்து விண்மீன் உமர் அப்துர் ரஹ்மான். சுருள்முடியும் இடக்கால் நுட்பமும் கொண்ட அவர், யமன் வழிவந்த குடும்பத்தில் ரியாத் நகரில் பிறந்தவர். இளமையிலேயே குடும்பத்தோடு அல் ஐனுக்கு வந்து, அமீரகக் குடியுரிமை பெற்று, அவர்தம் உடன்பிறந்தார் இருவரும் அதே கழகத்தில் ஆட, 2016-இன் ஆசியச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவ்வாண்டும் கழகம் ஆசிய இறுதியில் தோற்றது. கொரியாவின் ஜியோன்புக் அணிக்கு எதிரே, சொந்தத் திடலில், கிடைத்த பெனால்டி வாய்ப்பைக் கோட்டைவிட்டு, 3-2 என்ற கூட்டு எண்ணிக்கையில் கிண்ணத்தை இழந்தது.

2018 டிசம்பரில் அமீரகத்தில் நடைபெற்ற உலகக் கழகக் கோப்பையில், போட்டியை நடத்தும் நாட்டின் வெற்றியாளர் என்ற தகுதியில் அல் ஐன் இடம்பெற்றது. முதல் ஆட்டத்தில் நியூசிலாந்தின் டீம் வெலிங்டனிடம் மூன்று கோல் பின்தங்கி, பின் மூன்றையும் ஈடுகட்டி, பெனால்டி உதைகளில் தப்பியது. அடுத்துத் தூனிசியாவின் எஸ்பெரான்ஸ் அணியை 3-0 என வென்றது. அரையிறுதியில் எதிர்நின்றது தென்னமெரிக்க வாகையாளரான ரிவர் பிளேட். 2-2 என்று சமன். பெனால்டி உதைகளில் 5-4. இறுதி உதையைக் கோல்காப்பாளர் காலித் ஈசா தடுத்தபோது அமீரகக் கழகம் ஒன்று முதன்முறையாக அவ்விறுதிக்கு நுழைந்தது. இறுதியில் ரியல் மாட்ரிட் 4-1 என வென்றது. அல் ஐனின் ஒரே கோலைப் போட்டவர் ஜப்பானியரான ட்சுகாசா ஷியோதானி.

மழைக்கு மறுநாள்

2024 ஏப்ரல் 16 அன்று அமீரகம் தன் அளவீட்டு வரலாற்றில் காணாத பெருமழையைக் கண்டது. அல் ஐன் பகுதியிலுள்ள கத்ம் அஷ்ஷக்லா என்னுமிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது. ஆண்டு முழுவதற்குமே அந்நாட்டில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான் பெய்யும். அன்று ஆசிய அரையிறுதியில் ஆடவேண்டிய அல் ஐனும் ரியாத்தின் அல் ஹிலாலும் மறுநாள் ஆடின. அல் ஹிலால் அதுகாறும் தொடர்ந்து 34 ஆட்டங்களில் வென்று உலகச் சாதனை படைத்திருந்த அணி. அத்தொடரை 4-2 என அறுத்தெறிந்தது அல் ஐன். மூன்று கோல்கள் போட்டவர் மொராக்கோவின் சுஃப்யான் ரஹீமி. காசாபிளாங்காவின் ராஜா கழகத்தில் வீரர்களின் உடைகளையும் உபகரணங்களையும் பேணிய பணியாளர் ஒருவரின் மகன் அவர். தந்தை அடுக்கிவைத்த சட்டையை மகன் அணிந்து களம் புகுந்த வாழ்க்கை.

இறுதியில் ஜப்பானின் யோகோஹாமா அணியிடம் முதல் ஆட்டத்தை 2-1 என இழந்து, மே 25-இல் சொந்தத் திடலில் 5-1 என வென்று, இருபத்தோராண்டுக்குப் பின் கிண்ணத்தை மீட்டனர். பயிற்சியாளர் அர்ஜென்டினாவின் எர்னான் கிரெஸ்போ. கோல்கள் போட்டோர் மொராக்கோ, பராகுவே, டோகோ நாடுகளின் வீரர்கள். 1968-இன் சூடானியர் திடலில் விதைத்தது இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

உச்சியில் நிற்றல் எவர்க்கும் நிலையன்று. ஆறு மாதம் கழியுமுன் கிரெஸ்போ விலக்கப்பட்டார். அடுத்த ஆசியப் போட்டியில் கழகம் முதற்கட்டத்தைத் தாண்டவில்லை. 2025 சூனில் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கழகக் கோப்பையில் யுவென்டஸிடம் 5-0, மான்செஸ்டர் சிட்டியிடம் 6-0 என்று தோற்று, மொராக்கோவின் விதாத் அணியை மட்டும் 2-1 என வென்று திரும்பியது.

முகீமும் முஸாபிரும்

இனி எம் கேள்விக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் அமீரகச் சங்கப் போட்டிகளில், குடியுரிமை பெறாத நிலையில் அந்நாட்டில் தங்கி வாழும் வீரர்களையும் கழகங்கள் தனிப்பிரிவில் சேர்த்துக்கொள்கின்றன. அவர்களை 'முகீம்' என்ற சொல்லால் குறிக்கின்றனர். மார்க்கச் சட்டம் பயின்ற நமக்கு இது பழகிய சொல். ஊரில் தங்கியிருப்பவர் முகீம். அவர் தொழுகையை முழுமையாகத் தொழ வேண்டும். பயணத்தில் இருப்பவர் முஸாபிர். அவருக்குச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு.

வளைகுடா சென்ற நம் தந்தையர் இருபது முப்பது ஆண்டுகள் ஒரே ஊரில் தங்கிய முகீம்கள். ஆயினும் நாம் அவர்களை முஸாபிர்களாகவே எண்ணினோம்; அவர்கள் வாழ்க்கையையும் சுருக்கியே சொல்லிவந்தோம். அவர்களும் தம்மை அவ்வாறே எண்ணிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருந்தனர். குடியுரிமை கிட்டியது மிகச் சிலருக்கே. இருந்த நாட்டிலும் பெயரில்லை, பிறந்த ஊரிலும் 'வெளிநாடு' என்ற ஒரு சொல்லே என்றால், அவ்வாண்டுகள் எங்கே போயின?

'நம்ம டீம்' என்பதில் மயக்கம் இருந்தது உண்மை. ஆனால் பொய் இல்லை. வேலைக்கு வந்த அயலார் சிலர் ஒரு மாலையில் உள்ளூராரோடு கூடித் தொடங்கிய கழகம் அது; பிற்பாடு வேலைக்கு வந்த ஒரு தையற்காரர் அதனை நம்முடையது என்றதில் வரலாற்றுப் பிழை ஏதுமில்லை. உரிமைப் பத்திரம் வேறு, உறவு வேறு. உறவை எழுதி வைக்க யாருடைய முத்திரையும் வேண்டுவதில்லை.

கழகத்தின் பதிவேடு குறைவற எழுதப்பட்டிருக்கிறது. எந்த நிமிடத்தில் யார் கோல் போட்டார் என்பது வரை அதில் உண்டு. அன்று இருக்கைகளில் அமர்ந்து ஆர்ப்பரித்தோரின் பதிவேடு எங்கும் இல்லை. அதனை எழுதவேண்டிய மொழிகளுள் தமிழும் ஒன்று. வேறெவரும் நமக்காக அதனை எழுதமாட்டார்.

ஆகவே நம் மாணவச் செல்வங்களிடம் ஒன்று வேண்டுகிறோம். வரும் விடுமுறையில் தந்தையிடமோ, பெரியத்தாவிடமோ, மாமனிடமோ அமர்ந்து கேளுங்கள். எந்த ஊரில் இருந்தீர்கள்? அவ்வூரின் பெயருக்குப் பொருள் என்ன? அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள்? வெள்ளிக்கிழமை மாலையை எங்குக் கழித்தீர்கள்? எந்த அணி வென்றபோது மகிழ்ந்தீர்கள்? சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக் கொணருங்கள். சேர்க்கைப் படிவத்தில் ஒரு சொல்லாக நின்றது ஒரு பக்கமாகட்டும். இன்ஷா அல்லாஹ், அப்பக்கங்களைத் தொகுத்துத் துறை நூலகத்தில் வைப்போம்.